ஆச்சி எழுதிய கடிதங்கள் எங்கே?

தமிழ்க் குடும்பங்களில் அறுபது எழுபது ஆண்டுகளைத் தாண்டி மிஞ்சியிருக்கும் கடிதக் கட்டுகளைப் பிரித்துப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். அவற்றில் பெரும்பாலும் தாத்தாதான் பேசுகிறார். பாட்டி கேட்டாள், அழுதாள், கோபித்துக்கொண்டாள் என்பதெல்லாம் அவர் எழுதிய பதிலிலிருந்துதான் நமக்குத் தெரிகிறது. அவள் கையெழுத்து அங்கே இல்லை. காதல் கடிதங்கள் என்று ஆசையாக எடுத்து வைத்துக்கொள்பவை பாதி உரையாடல்தான். ஒரு தலைமுறையின் இளமைக் கனவுகளை இவற்றைக் கொண்டு எழுதப் புகுந்தால், ஆண்களின் கனவை மட்டும் எழுதி முடித்துவிடும் அபாயம் இருக்கிறது.

பாட்டிகள் எழுதாததால் வந்த குறை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போனவர் ஆண். அவர் எழுதியது வீட்டுக்கு வந்தது. வீடு இருந்த இடத்திலேயே இருந்தது. கடிதமும் டிரங்குப் பெட்டியின் அடியில், பட்டுச்சேலை மடிப்பில், மாடக்குழியில் தங்கிவிட்டது. அவள் எழுதியதோ ரங்கூன் வட்டிக்கடைக்கும் கொழும்புக் கடைக்கும் பினாங்கு கிட்டங்கிக்கும் திருவல்லிக்கேணி லாட்ஜுக்கும் போனது. அங்கே இருந்தவருக்கு நிலையான அலமாரி கிடையாது. அறை மாறும்போதும் ஊர் மாறும்போதும் முதலில் கழிந்தது காகிதம். செட்டிநாட்டிலிருந்து கடல்கடந்து போன ஏஜெண்டுகள் மூன்று வருடக் கெடுவுக்குத் தனியாகத்தான் போனார்கள். கெடு முடிந்து ஊர் திரும்பும்போது கணக்குப் புத்தகத்தைப் பத்திரமாகக் கொண்டுவந்தார்கள். மனைவியின் கடிதத்தையும் அப்படிக் கொண்டுவந்தவர்கள் அதிகம் இருந்திருக்க முடியாது.

ஆனால் பதில் என்பது கேள்வியின் அடையாளத்தைச் சுமந்தே வரும். ‘நீ கேட்டிருந்தபடி’, ‘நீ வருத்தப்பட்டு எழுதியிருந்த விஷயம்’, ‘அதைப் பற்றி இனி எழுத வேண்டாம்’ என்ற சொற்கள் வரும் இடமெல்லாம் காணாமல்போன ஒரு கடிதத்தின் இருப்பிடம். அந்த இடங்களைப் பொறுமையாகச் சேர்த்துப் படித்தால், பாட்டி இருபது வயதில் என்னவாக ஆசைப்பட்டாள் என்பதைக் கணிசமான அளவுக்கு மீட்டெடுக்க முடியும் என்பதே என் வாதம்.

நமக்கு நன்கு தெரிந்த ஒரு கடிதத்திலிருந்தே தொடங்கலாம். 1901-இல் காசி அனுமந்த கட்டத்திலிருந்து பாரதி தம் மனைவி செல்லம்மாவுக்கு எழுதியது. 1897-இல் அவர்களுக்குத் திருமணம் நடந்தபோது பாரதிக்கு வயது பதினான்கு, செல்லம்மாவுக்கு ஏழு. தந்தை மறைந்தபின் பாரதி காசியில் அத்தை வீட்டுக்குப் போய்விட்டார். கடிதம் எழுதும்போது அவருக்குப் பதினெட்டு வயது. மனைவியைக் காதலி என்றே விளிக்கும் அந்தச் சிறிய கடிதத்தை, அந்தக் காலத்திலேயே பெண் கல்வியை வலியுறுத்தினார் என்பதற்குச் சான்றாகப் பலரும் எடுத்துக்காட்டுவார்கள். கவலைப்படும் நேரத்தில் தமிழை நன்றாகப் படி என்பதுதான் அதன் சாரம். பாரதியின் கனவு அதில் பளிச்சென்று தெரிகிறது: தன்னோடு இணையாக வாசிக்கத் தெரிந்த ஒரு துணை.

அதையே மறுபக்கத்திலிருந்து படித்துப் பாருங்கள். அவளுடைய கடிதம் வந்து சேர்ந்தது என்றுதான் பாரதி ஆரம்பிக்கிறார். அப்படியானால் முதலில் எழுதியவள் செல்லம்மா. கடையத்தில் இருந்த பதினொரு வயதுச் சிறுமி, காசியில் இருக்கும் கணவனுக்குத் தானாக ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறாள். அவர் ஏதோ ஆபத்தான வழியில் போகிறார் என்று உறவினர் ஒருவர் சொன்னதைக் கேட்டுப் பயந்துபோய், தன் பயத்தை ஒளிக்காமல் எழுதியிருக்கிறாள். அவர் எப்படிப்பட்டவராக ஆகப்போகிறார் என்பதை அறியும் உரிமை தனக்கு உண்டு என்று அந்த வயதிலேயே அவளுக்குத் தோன்றியிருக்கிறது. இவ்வளவும் பாரதியின் சில வரிகளுக்குள் இருக்கிறது. அவர் 1921-இல் மறைந்த பிறகு அவர் நூல்களைப் பதிப்பிக்கப் பாரதி ஆச்சிரமம் தொடங்க முனைந்த செல்லம்மாவும், பிற்காலத்தில் அவர் வாழ்க்கையைச் சொல்லி எழுதவைத்த செல்லம்மாவும் திடீரென்று முளைத்தவர் அல்லர். காசிக்குக் கடிதம் போட்ட சிறுமியிடம் அந்தத் துணிவு ஏற்கெனவே இருந்தது. இத்தனை காலமாக அந்தக் கடிதத்தைப் படித்துவரும் நாம், பதிலைக் கொண்டாடிய அளவுக்குக் கேள்வியைக் கவனிக்கவில்லை.

இருபக்கமும் அறுந்துபோன கதையும் உண்டு. கணிதமேதை ராமானுஜன் 1914 மார்ச்சில் சென்னையிலிருந்து கப்பலேறினார். 1909-இல் அவர் மணந்த ஜானகி ஊரில் மாமியாரோடு இருந்தார். கேம்பிரிட்ஜிலிருந்து அவர் மனைவிக்கு எழுதியவற்றையும், ஜானகி அவருக்கு எழுதியவற்றையும் தாயார் கோமளத்தம்மாள் இடைமறித்தார் என்பது ராமானுஜன் வாழ்க்கை வரலாறுகளில் பதிவாகியிருக்கிறது. மனைவி ஏன் எழுதவில்லை என்று அவரும், கணவர் ஏன் எழுதவில்லை என்று இவரும் ஆயிரக்கணக்கான மைல் இடைவெளியில் தவித்திருக்கிறார்கள். 1919-இல் நோயாளியாகத் திரும்பிய ராமானுஜன் அடுத்த ஆண்டு ஏப்ரலில் இறந்தார். அப்போது ஜானகிக்கு வயது இருபத்தொன்று. பிறகு அவர் தையல் கற்றார், திருவல்லிக்கேணியில் குடியிருந்து துணி தைத்துச் சம்பாதித்தார், ஒரு பிள்ளையை எடுத்து வளர்த்தார், 1994 வரை வாழ்ந்தார். தன் காலில் நிற்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு எப்போது வந்தது, கணவர் வெளிநாட்டில் இருந்த அந்த ஐந்து ஆண்டுகளிலேயே வந்ததா என்பதைச் சொல்லக்கூடிய ஒரே சான்று அந்தக் கடிதங்கள்தான். சேராத கடிதம் வரலாற்றாசிரியனுக்கும் சேராமலே போனது.

கோமளத்தம்மாளை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. அன்றைய தமிழ் வீட்டில் கடிதம் ஒருவருக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. மேலுறையில் மருமகள் பெயர் இருந்தாலும் ‘மே/பா’ என்று மாமனார் பெயர் இருக்கும். பிரிப்பவர் அவர். பல வீடுகளில் மருமகள் பெயரே இராது. கடிதம் தகப்பனாருக்குத்தான் எழுதப்படும், கடைசி வரியில் வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்லவும் என்று வரும். அந்த எல்லாரும் என்ற சொல்லுக்குள் தான் இருப்பதை மருமகள் மட்டும் அறிவாள். எழுத்தறிவு நிலையையும் மறந்துவிடக் கூடாது. 1951 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 9 பேர்கூட இல்லை. அதனால் கணவன் எழுதியதைத் தபால்காரரோ பள்ளிக்கூடம் போகும் பக்கத்து வீட்டுப் பையனோ திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படிக்க, அவள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். பதிலையும் அதே பையன்தான் எழுதினான். இவ்வளவு காதுகளையும் தாண்டிப் போக வேண்டிய அன்பு எப்படி எழுதப்பட்டிருக்கும் என்று யோசிக்க வேண்டும்.

மணியார்டர் பாரத்தின் கீழ்த்துண்டு இதற்கு நல்ல உதாரணம். 1880-இல் இந்தியத் தபால்துறை மணியார்டரைத் தொடங்கியபின், வெளியூர் ஆண்கள் பலரின் முக்கியமான கடிதத்தாள் அந்தச் சிறு கூப்பன்தான். பதினைந்து ரூபாயில் பத்து அம்மாவிடம் கொடு, மீதியை நீ வைத்துக்கொள் என்று எழுதினால் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மாமியாருக்குத் தெரியாமல் மனைவி கையில் ஐந்து ரூபாய் சேர்க்க நினைத்த ஒருவன் அந்த வரியை எழுத எவ்வளவு யோசித்திருப்பான். இலக்கியத்தில் தேடுகிற வருணனைகள் இல்லை என்பதற்காக இவற்றைக் காதல் கடிதம் அல்ல என்று தள்ளுவது பெரும் பிழை.

கடிதங்கள் குவியும் காலம் என்றும் சில உண்டு. புதுமணப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போகும் ஆடி மாதம் ஒன்று. வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீடு போய் மாதக்கணக்கில் தங்கும் காலம் இன்னொன்று. இந்த இரண்டிலும் பெண் தன் சொந்த வீட்டில் இருக்கிறாள். அவளுக்கு வரும் கடிதத்தைப் பிரிப்பவர் மாமனார் இல்லை, அவளே. கணவனின் எழுத்தும் அப்போது மாறிவிடும். ஒரே கையெழுத்து, ஒரே ஆண்டு, ஆனால் மாமனார் வீட்டு முகவரிக்குப் போனதும் பிறந்த வீட்டு முகவரிக்குப் போனதும் இரண்டு வேறு மனிதர்கள் எழுதியவை போலிருக்கும். கடிதக் கட்டு கையில் கிடைத்தால் நான் முதலில் பார்ப்பது முகவரியைத்தான்.

எங்கள் குடும்பத்தில் மிஞ்சியவற்றைக் கொண்டு இதைக் கொஞ்சம் அருகிலிருந்து காட்டுகிறேன். தாத்தா சென்னையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கெழுதினார். ஆச்சி திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தில் இருந்தாள். கடிதங்கள் எல்லாம் தாத்தா எழுதியவை. மாம்பலத்தில் ஒரு கிரவுண்டு வாங்கி வீடு கட்ட வேண்டும் என்பது அவர் கனவு. அதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார், எங்கள் எல்லாருக்கும் அது மனப்பாடம். ஆச்சிக்கு ஒரு கனவு இருந்ததாக வீட்டில் யாரும் சொன்னதில்லை.

விய வருஷம் மார்கழியில் எழுதிய கடிதத்தில், நெல் அறுப்பு, பசுமாடு, பங்காளி வழக்கு எல்லாம் முடிந்தபிறகு ஒரு வரி: ‘படிப்பு விஷயம் நேரில் பேசிக்கொள்ளலாம்.’ யாருடைய படிப்பு என்று அதில் இல்லை. அடுத்த சித்திரையில் ஆச்சி தாய்வீட்டில் இருந்தபோது போன கடிதம்: ‘எட்டாங்கிளாஸ் சர்டிபிகேட் உன் அம்மா கைவசம் இருக்கிறதா, பார்த்து எழுது.’ வைகாசியில் மறுபடியும் மாமனார் வீட்டு முகவரி. அந்தக் கடிதத்தின் நடுப்பகுதி முழுக்கக் குடும்பச் செய்திதான். ஆனால் காகிதத்தைத் திருப்பிவைத்து, இடது ஓரத்தில் நெடுக்காக, பொடி எழுத்தில் எழுதியிருக்கிறார்: ‘நீ கேட்ட பாரம் தனிக் கவரில் உன் தம்பி பெயருக்கு அனுப்பியிருக்கிறேன். அப்பாவிடம் இப்போது சொல்ல வேண்டாம்.’ புரட்டாசியில், உடம்பைப் பார்த்துக்கொள், மாங்காய் அதிகம் சாப்பிடாதே என்ற அக்கறைகளுக்கு இடையே, ‘டிரெயினிங் விஷயத்தை அடுத்த வருஷம் பார்ப்போம், மனதைத் தளரவிடாதே’ என்று வருகிறது. அதற்கடுத்த வருஷத்துக் கடிதங்களில் அந்தப் பேச்சே இல்லை. குழந்தைக்குப் பேர் வைத்தது, மாந்தம் வந்தது, மருந்து வாங்கியது மட்டும் இருக்கிறது.

அந்தக் காலத்தில் எட்டாம் வகுப்பு தேறியவர்கள் ஆசிரியர் பயிற்சி முடித்து ஹையர் கிரேடு ஆசிரியராகலாம். பெண்களுக்கும் அந்தப் பயிற்சி பாளையங்கோட்டையில் இருந்தது. ஆச்சி டீச்சராக ஆசைப்பட்டிருக்கிறாள். அவளாகவே சான்றிதழைத் தேடி, பாரம் கேட்டு எழுதி, தம்பியையும் கணவனையும் தன் பக்கம் சேர்த்து, மாமனாருக்குத் தெரியாமல் இவ்வளவு தூரம் கொண்டுவந்திருக்கிறாள். பிள்ளை உண்டானதும் அது நின்றுவிட்டது. கட்டின் கடைசியில், விரோதி வருஷம் தையில் எழுதிய கடிதத்தில் இன்னொரு வரி இருக்கிறது: ‘உன் தங்கைக்குப் பாரம் அனுப்பியாயிற்று, பணமும் கட்டிவிட்டேன்.’ எங்கள் சின்ன ஆச்சி முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தாள். நாங்கள் அவளை டீச்சராச்சி என்றுதான் கூப்பிடுவோம். தன் படிப்பை அக்காதான் பார்த்துக்கொண்டாள் என்று அவள் சொல்லும்போதெல்லாம், ஏதோ செலவுக்குக் காசு கொடுத்ததைச் சொல்கிறாள் என்றே நினைத்திருந்தோம்.

இந்த வரிசையை அமைக்கக் கடிதங்களின் காலத்தைச் சரியாகக் கண்டுபிடித்தாக வேண்டியிருந்தது. வரிசை மாறினால் கதை மாறிவிடும். பாரம் முன்னதா கர்ப்பம் முன்னதா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. பழைய கடிதங்களில் ஆங்கிலத் தேதி பெரும்பாலும் இராது. தமிழ் வருஷமும் மாதமும் இருக்கும், அதுவும் ௵, ௴, ௳ என்ற குறிகளோடு. ரூபாய்க்கு ௹, மேற்படிக்கு ௸. அறுபது வருஷச் சுழற்சி தெரிந்திருந்தால் கணக்கு எளிது: விய என்றால் 1946 சித்திரை முதல் 1947 பங்குனி வரை, சர்வஜித் அதற்கடுத்தது, விரோதி 1949 சித்திரையில் தொடங்கியது. சுழற்சி அறுபது ஆண்டு என்பதால் ஒரு தலைமுறை மாறிப்போக வாய்ப்பு குறைவு. இருந்தாலும் தபால்தலையைக் கொண்டு சரிபார்ப்பது நல்லது. ஆறாம் ஜார்ஜ் தலை போட்டிருந்தால் 1937-க்கு முன்னால் இருக்க முடியாது. அணாவில் விலையிருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலில் நயா பைசா வருவதற்கு முந்தியது. பர்மாவிலிருந்து வந்த உறையில் இந்தியத் தலைமேல் பர்மா என்று அச்சடித்திருந்தால், அந்நாடு இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்ட 1937 ஏப்ரலை ஒட்டியது. இன்லண்டு லெட்டர் 1950 அக்டோபர் 2-ஆம் தேதி அறிமுகமானது. முகவரியில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பின். ஆனால் வீட்டுப் பிள்ளைகள் தபால்தலை சேர்க்கிறேன் என்று தலையையும் அதோடு முத்திரையையும் வெட்டி எடுத்துவிட்ட உறைகள்தான் அதிகம். அப்போது உள்ளே பேசப்படும் விலைவாசியும் கல்யாணமும் சாவும்தான் துணை.

எழுத்துருவை நம்பிக் காலம் சொல்வதில் எச்சரிக்கை வேண்டும். 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியபின் பழைய ணை, லை, னை வடிவங்கள் அச்சிலிருந்து போயின. கையெழுத்திலிருந்து போகவில்லை. அதற்கு முன் படித்தவர்கள் கடைசிவரை கொம்பு போட்டே எழுதினார்கள்.

எழுத்தாளர் குடும்பத்துக் கடிதங்களுக்கு வருவோம். அச்சில் வந்த தமிழ்க் காதல் கடிதங்களில் மிக முக்கியமானவை புதுமைப்பித்தன் தம் மனைவி கமலாவுக்கு எழுதியவை. இளையபாரதி தொகுத்து ‘கண்மணி கமலாவுக்கு’ என்ற தலைப்பில் நூலாக வந்தன. 1931-இல் மணம் முடித்த இருவரும் சேர்ந்து வாழ்ந்த காலத்துக்கு ஈடாகப் பிரிந்து வாழ்ந்த காலமும் நீண்டது. அவர் சென்னையில் பத்திரிகைகளில் வேலை பார்த்தார், கமலா அடிக்கடி திருவனந்தபுரத்தில் தாய்வீட்டில் இருந்தார். கதைகளில் ஈவிரக்கமில்லாமல் உலகத்தைக் கீறிப்பார்த்த அந்த மனிதர் இக்கடிதங்களில் வேறு குரலில் பேசுகிறார். பணம் அனுப்ப முடியாத வெட்கம், அவளுடைய துக்கத்தை ஆற்ற முடியாத தவிப்பு, சீக்கிரம் ஒரு வீடு பிடித்து அழைத்துக்கொள்வேன் என்ற உறுதிமொழி இவை திரும்பத் திரும்ப வருகின்றன. சினிமாவில் சம்பாதித்துக் கடனிலிருந்து மீண்டுவிடலாம் என்று நம்பினார். பர்வதகுமாரி புரொடக்‌ஷன்ஸ் என்ற பெயரில் சொந்தமாகப் படக் கம்பெனியே தொடங்கினார். அவர் எடுக்க நினைத்த ‘வசந்தவல்லி’ படம் வெளிவரவில்லை. தியாகராஜ பாகவதரின் ‘ராஜமுக்தி’ படவேலைக்காகப் புனே போனவர் காசநோயோடு திரும்பி, 1948 ஜூன் 30 அன்று திருவனந்தபுரத்தில் இறந்தார். நாற்பத்திரண்டு வயது. மகளுக்கு இரண்டு வயது நிறைந்திருந்தால் அதிகம்.

இந்தக் கடிதங்களைப் படிப்பவர்கள் புதுமைப்பித்தனுக்காகக் கண்ணீர் விடுகிறார்கள். விட வேண்டியதுதான். ஆனால் அந்நூலில் நாம் கேட்பது ஒரு குரலை மட்டும். கமலா என்ன கேட்டு எழுதினார்? அவரும் எழுத்தாளர். கமலா விருத்தாசலம் என்ற பெயரில் கதைகள் எழுதினார், ‘காசுமாலை’ என்ற தொகுப்பு அவருடையது. மனைவி எழுத வேண்டும் என்று கணவர் விரும்பினார் என்பதும் தெரிந்ததே. ஒரு வீட்டில் இரண்டு பேர் எழுத ஆசைப்பட்டிருக்கிறார்கள். ஒருவர் சென்னையில் பத்திரிகை அலுவலகத்தில் எழுதினார். இன்னொருவர் தாய்வீட்டில், பணம் வராத மாதங்களில், பிறந்த குழந்தையைப் பறிகொடுத்த துயரத்தில் எழுதினார். புதுமைப்பித்தனின் கதைகளுக்கு அ. இரா. வேங்கடாசலபதியின் செம்பதிப்பு இருக்கிறது, ரகுநாதன் 1951-இலேயே எழுதிய வாழ்க்கை வரலாறு இருக்கிறது. கமலாவுக்கு என்ன இருக்கிறது? பிற்காலத்தில் அவரே எழுதிய ‘புதுமைப்பித்தனின் சம்சார பந்தம்’ நூலிலும் தலைப்பில் நிற்பவர் அவர் கணவர்தான். கணவரின் கடிதங்களை இத்தனை ஆண்டு காத்துத் தமிழுக்குக் கொடுத்தவர் அவர். அந்தக் கடிதங்களை அவருடைய ஆசைகளை நோக்கி ஒருமுறை முழுமையாகப் படித்து எழுதுவது நம் ஆய்வாளர்கள் செலுத்த வேண்டிய கடன்.

எதிர்மாறாக நடந்த ஒரு நிகழ்வு வடக்கே உண்டு. உருதுக் கவிஞர் ஜான் நிசார் அக்தர் பம்பாயில் படப்பாட்டு வாய்ப்புத் தேடிக்கொண்டிருந்தபோது, மனைவி சஃபியா அக்தர் போபாலில் கல்லூரியில் பாடம் நடத்தி இரண்டு பிள்ளைகளை வளர்த்தார். 1943 முதல் அவர் கணவருக்கு எழுதிய கடிதங்கள், 1953 தொடக்கத்தில் அவர் இளவயதில் இறந்தபிறகு நூலாக வந்து உருது உரைநடையின் சொத்தாகிவிட்டன. ஜாவேத் அக்தரின் தாய் அவர், திரை இயக்குநர்கள் ஜோயா அக்தர், ஃபர்ஹான் அக்தர் இருவருக்கும் பாட்டி. பேரப்பிள்ளைகள் கண்ணால் கண்டிராத அந்தப் பாட்டியின் குரல் அவர்களுக்கு அச்சில் கிடைத்திருக்கிறது. ஊரில் நிலையாக இருந்தவர் எழுதியதை, ஊர் ஊராகத் திரிந்தவர் காப்பாற்றினார். அப்படிக் காப்பாற்றியதால்தான் அது கிடைத்தது, தானாக நடந்துவிடவில்லை.

கடல்கடந்த கடிதங்களுக்கு இன்னொரு பெரிய அறுபடல் உண்டு. 1941 டிசம்பரில் ரங்கூன்மேல் ஜப்பானியர் குண்டு போட்டார்கள், 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. 1945 வரை பர்மாவுக்கும் மலாயாவுக்கும் சாதாரணத் தபால் கிடையாது. அதற்கு முன்பே போர்க்காலத் தணிக்கை உறைகளைப் பிரித்துப் பார்த்து ஒட்டி அனுப்பத் தொடங்கியிருந்தது. அக்கரைச் சீமையில் கணவனை வைத்திருந்த பெண்கள் மூன்றரை ஆண்டு கடிதமில்லாமல் இருந்தார்கள். அந்தக் குடும்பங்களின் கட்டுகளில் 1941-க்குப் பிறகு நேராக 1945 அல்லது 1946 வரும். சில கட்டுகள் 1941-உடனே முடிந்துவிடும்.

பதிலை வைத்துக் கேள்வியை ஊகிப்பதில் ஆபத்தில்லையா என்று கேட்கலாம். உண்டு. நாம் விரும்புவதை ஆச்சியின் வாயில் திணித்துவிட முடியும். ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொண்டு அவள் புரட்சிப்பெண் என்று எழுதிவிட முடியும். அதனால் ஒரே விஷயம் குறைந்தது இரண்டு மூன்று கடிதங்களில் தொடர்ந்து வந்தால்தான் அதை ஆசை என்று சொல்ல வேண்டும். கடிதத்துக்கு வெளியிலும் ஒரு சாட்சி வேண்டும்: ஒரு சான்றிதழ், ஒரு ரசீது, உறவினர் நினைவு ஏதாவது. சின்ன ஆச்சியின் வேலை மட்டும் இல்லாதிருந்தால் எங்கள் வீட்டுக் கதையை இவ்வளவு உறுதியாக எழுத எனக்குத் துணிவு வந்திருக்காது.

அந்தரங்கக் கடிதத்தைப் பேரப்பிள்ளைகள் படிக்கலாமா என்ற கேள்வியையும் நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கட்டு முழுவதையும் தானே எரித்துவிட்டுப் போன பாட்டிகள் இருக்கிறார்கள். அது அவர்கள் முடிவு, மதிக்க வேண்டும். ஆனால் கடைசிவரை பத்திரப்படுத்தி, பெட்டிச் சாவியை இடுப்பில் முடிந்து வைத்திருந்தவள் அதை யாரும் பார்க்கவே கூடாது என்று நினைத்திருப்பாள் என எனக்குத் தோன்றவில்லை. படிப்பது வேறு, அச்சிடுவது வேறு. சட்டப்படி காகிதம் பெற்றவருடையது, எழுத்தின் பதிப்புரிமை எழுதியவருடையது, அவருக்குப்பின் அவர் வாரிசுகளுடையது. நூலாக்க நினைப்பவர்கள் குடும்பத்தார் எல்லாரையும் கேட்டுவிட்டே செய்ய வேண்டும்.

இவை அழியும் விதங்களும் நம் வீட்டுப் பழக்கங்களிலேயே இருக்கின்றன. வந்த கடிதங்களையெல்லாம் கம்பியில் குத்திச் சுவரில் தொங்கவிடுவது வழக்கமாக இருந்தது. நடுவில் விழுந்த துளையில் ஒரு சொல் போய்விடும், கம்பித் துரு காகிதத்தைத் தின்னும். ராமபாணப் பூச்சி மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். எல்லாவற்றையும் விடப் பெரிய எதிரி போகி. பழையன கழிதல் என்று பரணைச் சுத்தம் செய்யும்போது முதலில் நெருப்புக்குப் போவது யாருக்கும் படிக்கத் தெரியாத பழைய கையெழுத்துதான். கிடைத்ததைக் காப்பாற்ற நினைப்பவர்கள் லேமினேஷன் செய்துவிடாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள், இரண்டும் காகிதத்தைக் கொன்றுவிடும். காப்பியிங் பென்சிலில் எழுதியது ஈரம் பட்டால் ஊதா நிறமாகக் கரையும், துடைக்க வேண்டாம். மடிப்பைப் பிரித்து, உறையோடு சேர்த்து, நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தில்லாத பின்பக்கத்தையும் ஓரத்தையும் சேர்த்து எடுங்கள். குடும்பத்தில் வைத்துக்கொள்ள வழியில்லை என்றால், கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுதும் சேர்த்த தொகுப்பின்மேல் 1994-இல் சென்னையில் அமைந்த ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களைக் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றையும் செய்யுங்கள். பாட்டியின் கையெழுத்து உங்கள் வீட்டில் இல்லையென்றால் அது எங்குமே இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். கணவனுக்கு எழுதியது போயிருக்கலாம். தன் அம்மாவுக்கும் தங்கைக்கும் தம்பிக்கும் அவள் எழுதியவை அவள் பிறந்த வீட்டுக்குப் போயின. அந்த வீடும் அசையாமல் நின்ற வீடுதான். அங்கே இப்போது பாட்டியின் தம்பி மகனோ பேரனோ இருப்பார், நீங்கள் கல்யாணம் காட்சிக்கு மட்டும் பார்க்கிற உறவு. அவரைப் போய்ப் பார்த்து, பரணில் ஏதாவது பழைய கடிதம் கிடக்கிறதா என்று கேளுங்கள். அடுத்த போகிக்கு முன்னால் கேளுங்கள்.